சிமுலேட்டர் மேல் பழி போடாதீர்கள்

"மத்த கேம் எல்லாம் நல்லா ஓடுதுண்ணே. இதுல மட்டும்தான் நிக்குது. அப்ப இதுலதானே கோளாறு?"

காரைக்குடி செக்காலைப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். ஓவர்க்ளாக் செய்த கம்ப்யூட்டரோடு, அதாவது தயாரித்தவர் உறுதி கொடுத்த வேகத்துக்கு மேல் ஏற்றி வைத்த கம்ப்யூட்டரோடு, என்னிடம் வருகிற பையன்கள் அநேகமாக எல்லாரும் இந்த ஒரே வாதத்தோடுதான் வருகிறார்கள். ஓட்டுவது ஃப்ளைட் சிமுலேட்டர். புறப்பட்டு இருபது நிமிஷம் கழித்தோ இரண்டு மணி நேரம் கழித்தோ திரை ஒரு நொடி உறைகிறது. அடுத்த நொடி விமானம் இல்லை, வானம் இல்லை, டெஸ்க்டாப் மட்டும் நிற்கிறது. உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: சிமுலேட்டர் மோசம், எழுதின கம்பெனிக்காரன் சரியில்லை. நண்பர்களும் அதையே சொல்கிறார்கள், கடைகளிலும் அதையே சொல்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் அடியோடு மறுக்கிறேன். வேகம் ஏற்றிய கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் நின்றால் முதல் சந்தேகம் ஏற்றிய வேகத்தின் மேல்தான் விழவேண்டும். அதை இறக்கிப் பார்க்காதவர் சிமுலேட்டரைக் குறை சொல்லக்கூடாது.

சென்ற வருஷம் கோட்டையூர்ப் பையன் ஒருவன் வந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். கோட்டையூர் என்றால் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர். கல்லூரிகள் கட்டிய வள்ளலாகத்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். லண்டனில் விமானம் ஓட்டப் பழகியவர், 1940களின் இறுதியில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தை டக்கோட்டா விமானங்களை வைத்து நடத்தியவர் என்பது பலருக்குத் தெரியாது. இந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் 2022ல் அதே டக்கோட்டா, டிசி-3, வந்தது. அதை எடுத்துக்கொண்டு திருச்சியில் ஏறி, புதுக்கோட்டை, திருமயம் வழியாக, செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் புல் முளைத்துக் கிடக்கிற உலகப் போர்க்கால ஓடுதளத்துக்கு வந்து இறங்கவேண்டும் என்பது அவன் ஆசை. ஒரு தடவைகூட முழுசாக வந்து சேரவில்லை.

என்னிடம் வருவதற்குள் விண்டோஸை மூன்று முறை ஃபார்மட் அடித்திருந்தார்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் நாலு விதம் மாற்றியாயிற்று. ஒரு கடையில் பவர் சப்ளையை மாற்றச் சொல்லி, அதையும் மாற்றியாயிற்று. அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு என்று சொல்லியிருந்தார்கள். அவன் அப்பா பணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அத்தனை பேர் தொட்ட அந்த கம்ப்யூட்டரில் ஒருவரும் தொடாத இடம் ஒன்றே ஒன்று. அது பயோஸ். அங்கே ராம் 6000 வேகத்தில் நாலு ஸ்டிக். ப்ராசசர், ஒன்றிரண்டு கோர் மட்டும் முழு மூச்சாக ஓடும் நேரத்தில் வழக்கமான 5.5 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டி 5.7 வரை போக ஏற்பாடு. இரண்டையும் செய்தது அவனேதான்.

"அதுல ஒண்ணும் இல்லண்ணே, சினிபெஞ்ச் பாஸ்" என்றான்.

இந்தப் "பாஸ்" என்ற சொல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். சினிபெஞ்ச் போன்ற சோதனை பத்து நிமிஷம் ஓடுகிறது. ப்ராசசரில் எத்தனை கோர் உண்டோ அத்தனையையும் ஒன்றாகப் பிழிகிறது. எல்லாக் கோரும் ஒன்றாக உழைத்தால் மின்சாரமும் சூடும் உச்ச வரம்பைத் தொடும். ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, அந்தப் பத்து நிமிஷமும் அது ஓடுவது 5.7க்கு வெகு கீழே. பையன் ஏற்றி வைத்த உச்சியை அந்தச் சோதனை எட்டிப் பார்க்கவே இல்லை.

சிமுலேட்டர் வேலை வாங்கும் விதம் வேறு. விமானத்தின் இயக்கக் கணக்கு, காற்று, கருவிகள், தரைக்காட்சியை வரிசைப்படுத்திக் கொடுப்பது என்று பெரும் பங்கு ஒரே ஒரு முக்கிய இழையில், அதாவது ஒரே கோரில், வந்து குவிகிறது. மற்ற கோர்கள் பாதிச் சும்மா இருக்கின்றன. ப்ராசசர் தன் உச்ச வேகத்துக்குத் தாவுவது இப்படிப்பட்ட நேரத்தில்தான். புதுக்கோட்டை கண்ணில் பட்டதும் கட்டடங்களும் மரங்களும் இணையத்திலிருந்து வந்து இறங்கும், அவற்றை விரிக்க மற்ற கோர்கள் திடீரென்று எழும், மின்னழுத்தம் ஒரு கணம் சரியும், மறுபடி ஏறும். ஏறி இறங்கி ஏறுகிற இந்த ஆட்டம் மணிக்கணக்கில் நடக்கிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போனால் நாலு மணி நேரம். இவ்வளவையும் பத்து நிமிஷச் சோதனை சோதித்துவிட்டதாகச் சொல்வது, காலையில் தெருவில் ஒரு சுற்று நடந்தவர் பழநிக்குப் பாதயாத்திரை போய்விடுவார் என்று உறுதி கொடுப்பது போலத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. படம் வரைகிற சோதனையில் ஒரு கணக்கு தப்பினால் என்ன ஆகும்? படத்தில் ஒரு புள்ளியின் நிறம் சற்று மாறும். கண்ணுக்குத் தெரியாது, சோதனையும் கண்டுகொள்ளாது. சிமுலேட்டரில் அதே தப்பு, சுருக்கி அனுப்பிய தரைக்காட்சியை விரிக்கும்போது நடந்தால், அல்லது நினைவகத்தில் அடுத்து எங்கே போகவேண்டும் என்று காட்டுகிற முகவரியில் நடந்தால், நிரல் இல்லாத இடத்துக்குப் போய் முட்டும். அதைத்தான் விண்டோஸ் 'ஆக்சஸ் வயலேஷன்' என்று எழுதிவைக்கிறது. இரண்டிலும் நடந்த தப்பு ஒன்றே. ஒன்று அதை விழுங்கிவிட்டது, மற்றொன்று கத்திவிட்டது. கத்தியதைக் குற்றவாளி என்கிறோம்.

"மத்த கேம் ஓடுது" என்ற வாதத்துக்கும் இதே பதில்தான். அரை மணி ஆடி எழுந்து போகிற விளையாட்டு, கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் வதைக்கிற விளையாட்டு, ஏற்கெனவே டிஸ்கில் இருக்கும் சிறிய வரைபடத்துக்குள் சுற்றுகிற விளையாட்டு, இவையெல்லாம் ஓடுவதால் அந்த கம்ப்யூட்டர் அந்த வேலைகளுக்குப் போதும் என்று மட்டுமே தெரிகிறது. அதற்கு மேல் எதுவும் நிரூபணமாகவில்லை.

இதில் ஒரு பழைய சரித்திரம் உண்டு. எல்லாரும் மறந்துவிட்டார்கள். புரூஸ் ஆர்ட்விக் எழுதிய ஃப்ளைட் சிமுலேட்டரை மைக்ரோசாஃப்ட் ஐபிஎம் பிசிக்காக வெளியிட்டது 1982ல். அதற்குப் பின்னாலேயே ஐபிஎம் மாதிரியில் மற்றவர்கள் செய்த கம்ப்யூட்டர்கள் சந்தைக்கு வந்து குவிந்தன. எல்லாரும் தங்களுடையது நூறு சதம் ஐபிஎம் போலவே என்று சத்தியம் செய்தார்கள். அந்தச் சத்தியத்தைச் சோதிக்க அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்களும் வாங்குகிறவர்களும் இரண்டு நிரல்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று லோட்டஸ் 1-2-3, மற்றது ஃப்ளைட் சிமுலேட்டர். இரண்டும் ஓடினால் மெஷின் சரி. ஃப்ளைட் சிமுலேட்டர் ஓடவில்லை என்றால், மெஷினில் எங்கோ குறை என்றுதான் அன்று முடிவு கட்டினார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த அந்தத் தெளிவு இன்று நம்மிடம் இல்லை.

கோட்டையூருக்குத் திரும்புவோம். நான் முதலில் செய்யச் சொன்னது ஒரு நோட்டுப் போடுவது. எப்போது நின்றது, எந்த ஊர் மேல், எத்தனை நிமிஷத்தில், விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் என்ன பதிவாயிற்று. எதையும் மாற்றாமல் நாலு நாள் எழுதினான். முதல் நாள் புதுக்கோட்டை தாண்டியதும், 'ஆக்சஸ் வயலேஷன்'. இரண்டாம் நாள் திருமயம் கோட்டை தெரிகிற தூரத்தில், கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லவில்லை என்ற செய்தி. மூன்றாம் நாள் வழியை மாற்றி மதுரைக்குப் பறந்தான்; பிள்ளையார்பட்டி தாண்டி அங்கே இறங்கப் போகும்போது நீலத் திரை. நாலாம் நாள் விமானம் கிளம்பவே இல்லை; திருச்சியில் இன்ஜினை அணைத்து நிறுத்திவிட்டு மெனுவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு செய்தியும் இல்லாமல் சிமுலேட்டர் மூடிக்கொண்டது.

அந்த நோட்டின் ஒரு பக்கம் போதும் வழக்கை முடிக்க. நிரலில் பிழை என்றால் அது பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே செயலில், ஒரே செய்தியோடு திரும்பத் திரும்ப வரும். அதே பிழை மற்றவர்களுக்கும் வரும். இங்கே நாலு நாளில் நாலு இடம், நாலு விதமான செய்தி. இப்படிச் சிதறுவது வன்பொருளின் கைவரிசை. கூடவே ஈவன்ட் வியூவர் பதிவேட்டில் டபிள்யூ.ஹெச்.இ.ஏ. லாகர் என்ற பெயரில் 19 என்ற எண்ணோடு சில வரிகள் இருந்தன. ப்ராசசர் தன் கணக்கில் பிழை கண்டு, தானே திருத்திக்கொண்டேன் என்று எழுதிவைக்கிற வரி அது. திருத்த முடியாமல் போனால் 18. மூன்று தடவை ஃபார்மட் அடித்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பதிவேட்டைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர்கள் கண்ணிலும் அந்த வரிகள் பட்டிருக்கும்.

அன்று ராத்திரி ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் போட்டு ஓடவிட்டோம். பழைய வீடு. ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலையில் தேக்கு மேசை மேல் கம்ப்யூட்டர். "ராத்திரி பூரா இது ஓடணுமாப்பா?" என்று பையனின் ஆச்சி கேட்டார்கள். விடிந்து பார்த்தபோது மூன்றாவது சுற்றில் ஒரே ஒரு பிழை சிவப்பில் நின்றது.

"ஒண்ணுதானேண்ணே" என்றான் பையன்.

நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஆச்சி சொன்னார்கள்: "காலணா இடிச்சாலும் எங்க அப்பச்சி பேரேட்டை மூட மாட்டாக."

அதற்கு மேல் நான் விளக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. பர்மாவிலும் மலாயாவிலும் கணக்கு எழுதிய ஊர் இது. சிட்டையும் பேரேடும் ஒத்துவராமல் ஐந்தொகை கட்டியவர் இங்கே யாரும் கிடையாது. 6000 வேகத்தில் ராம் ஓடும்போது நொடிக்கு 96 ஜிபி வரை தகவல் போய் வருகிறது. அதில் ஓர் எழுத்து எங்கே தப்புகிறது என்று யாருக்கும் தெரியாது. சிமுலேட்டரில் தப்பினால் விமானம் மறையும், அவ்வளவுதான். தங்கச்சி கல்யாணப் போட்டோவைக் காப்பி செய்யும்போது தப்பினால்? கடைசி வருஷப் பிராஜெக்ட்டைச் சேமிக்கும்போது தப்பினால்? எந்த எச்சரிக்கையும் வராது. ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும். நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான். சிமுலேட்டர் நிற்பது அந்த கம்ப்யூட்டர் உங்களுக்குக் கொடுக்கிற ஒரே எச்சரிக்கையாக இருக்கலாம். அதை வைதுகொண்டிருக்கிறோம்.

ஃபார்மட் அடிப்பவர்களிடம் ஒரு வார்த்தை. ராம் தப்புக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டரில் விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது கிணற்றில் பாம்பு கிடக்க வாளியை மாற்றுவது போன்ற வேலை. சிமுலேட்டர் பெரிய அளவில் இறங்கி விரிய வேண்டிய பண்டம். அத்தனையும் அதே தப்புகிற ராம் வழியாகத்தான் டிஸ்கில் போய் எழுதப்படுகிறது. முன்னால் சரியாக இருந்த கோப்பும் இப்போது கெட்டிருக்கலாம். பிறகு வேகத்தை இறக்கினாலும் கெட்ட கோப்பு கெட்டதுதான். அதனால் முதலில் வேகத்தை இறக்கவேண்டும், பிறகுதான் தேவைப்பட்டால் விண்டோஸையோ சிமுலேட்டரையோ மறுபடி ஏற்றவேண்டும்.

"நான் ஓவர்க்ளாக்கே பண்ணலையே" என்று சொல்பவர்கள் வேறு ரகம். அவர்கள் பொய் சொல்லவில்லை, தெரியாமல் சொல்கிறார்கள். ராம் பெட்டி மேல் 6000 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ஒரு சுவிட்சைப் போடுகிறார்கள். அதுவும் ஓவர்க்ளாக்தான். டிடிஆர்5 ராமின் அடிப்படை வேகம் 4800. ரைசன் 7000 வரிசை ப்ராசசர்களுக்கு ஏஎம்டி கொடுக்கிற உறுதி இரண்டு ஸ்டிக் போட்டால் 5200, நாலு ஸ்டிக் போட்டால் வெறும் 3600. ராம் விற்றவர் 6000க்கு உறுதி கொடுத்திருக்கலாம், உங்கள் ப்ராசசர் கொடுக்கவில்லை. அதோடு பல மதர்போர்டுகள் கடையிலிருந்து வரும்போதே மின்சார வரம்புகளைத் தளர்த்தி வைத்துக்கொண்டுதான் வருகின்றன.

இதற்கெல்லாம் உலகமே பார்த்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2023 இறுதியிலும் 2024 தொடக்கத்திலும் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரக ப்ராசசர் வைத்திருந்தவர்களுக்கு விளையாட்டுகள் பாதியில் நின்றன. வந்த செய்தி என்ன தெரியுமா? கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று. நினைவகம் ஏராளமாக மிச்சம் இருந்தது. எல்லாரும் விளையாட்டைத் திட்டினார்கள், என்விடியாவைத் திட்டினார்கள், டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டார்கள். கடைசியில் என்விடியாவே, இன்டெல்லிடம் போய்க் கேளுங்கள் என்று சொல்லும்படி ஆயிற்று. 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது: ப்ராசசர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு திருத்தங்கள் வந்தன, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்புகளை எந்தத் திருத்தமும் மீட்கவில்லை. திரையில் தெரிகிற செய்தி ஒருவரைக் காட்ட, குற்றம் வேறொருவரிடம் இருந்த வழக்கு இது.

மின்னழுத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. "கொஞ்சம் வோல்டேஜ் கூட்டினா சரியாயிடும்" என்று ஒரு வைத்தியம் எல்லார் வாயிலும் இருக்கிறது. சில சமயம் கேட்கவும் செய்யும். விலை என்ன என்று பாருங்கள். ப்ராசசர் குடிக்கிற மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 1.25 வோல்ட்டை 1.40 ஆக்கினால் அதே வேகத்துக்குக் கால்வாசி கூடுதல் சூடு. சூடும் அழுத்தமும் சேர்ந்தால் சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய கம்பிகளும் டிரான்சிஸ்டர்களும் மெல்லத் தேய்கின்றன. துரு எப்படி உலோகத்தைத் தின்கிறது என்று 1953லிருந்து ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அரிப்பு எத்தனை பெரிய பாலத்தையும் சாய்க்கும் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம். இந்த வருஷம் 1.40ல் நிலையாக ஓடியது அடுத்த வருஷம் 1.45 கேட்கும்.

சூட்டைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். காரைக்குடி வெயிலில் வளர்ந்த நாம் எதற்கெடுத்தாலும் சூட்டைக் காரணம் காட்டிவிடுகிறோம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மேசை ஃபேனைத் திருப்பி வைத்த வீடுகள் பல பார்த்திருக்கிறேன். இந்தப் பையன் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சிமுலேட்டர் நின்ற நேரங்களில் அவன் ப்ராசசர் 68 டிகிரிதான் காட்டியது. 68 டிகிரியில் இந்தக் காலத்து ப்ராசசர் எதற்கும் மூச்சு முட்டாது. நம்பக் கஷ்டமான விஷயம் ஒன்று சொல்கிறேன்: சில ப்ராசசர்கள் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் மேலே ஏறும். ஐ9-13900கே 70 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் தன் உச்சமான 5.8 ஜிகாஹெர்ட்ஸைத் தொடும். எல்லாக் கோரும் கொதிக்கிற சோதனையில் தாங்கியது, குளுகுளுவென்று மேகத்துக்கு மேலே பறக்கும்போது விழுவதற்கு இது ஒரு காரணம். தூசி தட்டுங்கள், ஃபேனைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சூட்டைச் சரிசெய்துவிட்டதால் நிலைத்தன்மை வந்துவிட்டது என்று மட்டும் நம்பாதீர்கள்.

கரண்டைச் சொல்பவர்களுக்குச் சுருக்கமான பதில். சாயங்காலம் நம் பக்கம் வோல்டேஜ் இறங்குவது உண்மைதான். கரண்டு காரணம் என்றால் கம்ப்யூட்டரே அணைந்து மறுபடி எழும், பதிவேட்டில் கெர்னல் பவர் 41 என்று விழும். சிமுலேட்டர் மட்டும் மறைந்து விண்டோஸ் நிமிர்ந்து நின்றால், மின்வாரியத்தை விட்டுவிடலாம்.

இவ்வளவு பாடும் எதற்காக? இதைத்தான் நான் பையனிடம் கேட்டேன். 5.5லிருந்து 5.7 என்பது நாலு சதவீதம்கூட இல்லை. நொடிக்கு 40 ஃப்ரேம் வந்த இடத்தில், எல்லாம் கூடிவந்தால், 41.5 வரும். அந்த ஒன்றரை ஃப்ரேமைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள். இந்தப் பழக்கம் 2006ல் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வந்த காலத்தில் ஊறியது. அன்று வேறு வழி இல்லை. ப்ராசசர் வேகத்தைக் கூட்டினால்தான் அது நகர்ந்தது. இன்று நிலைமை வேறு. 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, தன் அண்ணன் 5800எக்ஸைவிட உச்ச வேகத்தில் குறைவு, 4.7க்கு 4.5. ஓவர்க்ளாக் செய்யவும் விடாது, பூட்டுப் போட்டே விற்றார்கள். ஆனால் கேஷ் 32 எம்பிக்குப் பதில் 96 எம்பி. ஃப்ளைட் சிமுலேட்டரில் அது அண்ணனைத் தூக்கிச் சாப்பிட்டது. ஜிகாஹெர்ட்ஸைத் துரத்துகிற கூட்டம் இந்த ஒரு உதாரணத்தை மட்டும் யோசித்தால் போதும். புது ப்ராசசர் வாங்கப் பணம் இல்லையா? தரைக்காட்சி நுணுக்கத்தை, டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெய்ல் என்ற அளவை, 200லிருந்து 150க்கு இறக்குங்கள். நிலையத்தில் சும்மா நிற்கிற மற்ற விமானங்களைக் குறையுங்கள். ஒன்றரை ஃப்ரேமைவிட அதிகம் கிடைக்கும், ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு தடவையும் நிற்காது.

சிமுலேட்டருக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024 நவம்பர் 19ல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 வெளியானபோது அவர்களுடைய சர்வர்கள் கூட்டம் தாங்காமல் திணறின. காசு கொடுத்தவர்கள் மணிக்கணக்கில் ஏறாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று சேர்த்துக்கொள்கிற விமானங்களிலும் விமான நிலையங்களிலும் பிழைகள் உண்டு. ஆனால் அந்தப் பிழைகளுக்கு முகம் இருக்கிறது. குறிப்பிட்ட விமானத்தில் குறிப்பிட்ட பொத்தானை அமுக்கினால் நிற்கும். அப்படிச் சேர்த்தவை கிடக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரைக் காலி செய்தால் போய்விடும். அடுத்த வீட்டு கம்ப்யூட்டரிலும் அப்படியே நிற்கும். சிமுலேட்டரைக் குற்றம் சாட்ட விரும்புகிறவர் இந்தச் சாட்சியத்தைக் கொண்டுவரவேண்டும். அதைக் கொண்டுவருவதற்கு முன்னால், கம்ப்யூட்டர் தயாரித்தவர் சொன்ன வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். வேகம் ஏற்றிய கம்ப்யூட்டரில் எடுத்த எந்தச் சாட்சியமும் செல்லாது.

கோட்டையூரில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரிசை முக்கியம். பயோஸில் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்தோம். எக்ஸ்போவும் இல்லை, 5.7ம் இல்லை. ஒரு வாரம் தினமும் பறந்தான், ஒரு தடவையும் நிற்கவில்லை. அடுத்த வாரம் நாலு ஸ்டிக்கில் இரண்டைக் கழற்றிவிட்டு, எக்ஸ்போவை மட்டும் போட்டோம். ராத்திரி மெம்டெஸ்ட் சுத்தம், பகலில் பறப்பதும் சுத்தம். மூன்றாம் வாரம் 5.7ஐத் திரும்ப வைத்தோம். மூன்றாவது பயணத்தில் திருமயத்துக்கு முன்னாலேயே போயிற்று. ஆக இரண்டு குற்றவாளிகள் இருந்திருக்கிறார்கள்: நாலு ஸ்டிக்கில் 6000, ஒரு கோரில் 5.7. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்ததால்தான் எந்த ஒன்றை மட்டும் மாற்றியிருந்தாலும் தீர்ந்திருக்காது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினால்தான் இது பிடிபடும். கோரைத் தனித்தனியாகச் சோதிக்க கோர்சைக்ளர் என்று இலவச நிரல் இருக்கிறது. அதை ஓடவிட்டபோது பதினோராவது நிமிஷத்தில் தப்புகிற கோரைப் பெயர் சொல்லிக் காட்டியது. பெஞ்ச்மார்க் பாஸ் என்று சொன்ன அதே கம்ப்யூட்டர்தான்.

மூன்று வாரம் பொறுத்தார்கள். ஒரு ரூபாய்க்குச் சாமான் வாங்கவில்லை. கிராஃபிக்ஸ் கார்டுக்கு வைத்திருந்த பணத்தில் அவன் அப்பா செமஸ்டர் ஃபீஸ் கட்டினார்.

சிமுலேட்டரை விளையாட்டுப் பொருள் என்று மட்டும் நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது மிகையாகத் தெரியலாம். விமானத்தைப் பக்கத்தில் பார்க்கவேண்டும் என்றால் காரைக்குடிப் பையன் மதுரைக்கோ திருச்சிக்கோ போகவேண்டும், எப்படிப் பார்த்தாலும் எண்பது தொண்ணூறு கிலோமீட்டர். வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து காற்றின் திசை பார்த்து, இறங்குமுகத்தைக் கணக்குப் போட்டு, டக்கோட்டாவை ஓடுதளத்தில் வைக்கக் கற்றுக்கொள்கிறவனுக்கு, "இந்த சாஃப்ட்வேரே குப்பை, விட்டுத்தள்ளு" என்று சொல்லி அனுப்புவது அவன் படிப்பைப் பறிப்பதற்குச் சமம். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டு விட்டுவிட்ட பையன்களை எனக்குத் தெரியும்.

உங்கள் சிமுலேட்டரும் நிற்கிறதா? இன்று ராத்திரி பயோஸைத் திறந்து டீஃபால்ட்டில் வையுங்கள். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ எதுவும் வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டில் ஏற்றியதையும் இறக்குங்கள். ஒரு நோட்டு எடுத்துத் தேதி போடுங்கள். ஏழு நாள் பறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகும் நின்றால் அந்த நோட்டோடு வாருங்கள், உங்களோடு சேர்ந்து நானும் சிமுலேட்டரைத் திட்டுகிறேன்.